உதவிக்கு இங்கே பார்க்கவும்

"இன்னும் ஒரே ஒரு புகார் வந்தாலும் நாளைக்கு நீ வேலைக்கு வரவேணாம்மா. சொல்லிட்டேன்."

மேலாளர் கண்ணாடி அறைக்குள் போய்விட்டார். அவள் மறுபடியும் கணினியின் பக்கம் திரும்பினாள்.

நெட்வொர்க் படுத்துவிட்டால் எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்லும் மென்பொருள் அவர்களுடையது. படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். 'உதவி' என்று தட்டினால் இரண்டு வரி விளக்கம் வரும். அதன் கீழே, முழு விவரத்துக்கு ஓர் இணைய முகவரி இருக்கும். பழசாகிப்போன முகவரிகளை எடுத்துவிட்டுப் புதுசு போடுவதுதான் அவள் வேலை. போட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். 'லிங்க் திறக்கவில்லை' என்ற புகார் மட்டும் நின்றபாடில்லை.

"மறுபடியும் மாத்தறியாடி?" பக்கத்து மேஜைத் தோழி எட்டிப் பார்த்தாள்.

"கம்பெனி வாடகை வீடு மாத்தற மாதிரி வெப்சைட்டை மாத்திக்கிட்டே இருக்கு. நான் மூட்டையைத் தூக்கிக்கிட்டு பின்னாலயே ஓடறேன்."

"புதுசெல்லாம் திறக்குதா?"

"ஒவ்வொண்ணா அழுத்திப் பார்த்துட்டேன். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள திறக்குது. அந்தப் புண்ணியவானுங்களுக்கு மட்டும் திறக்காதாம். என்னத்தைத்தான் அழுத்தறாங்களோ!"

"விட்டுத் தொலைச்சிட்டு வேற இடம் பாரேன்."

"வீட்டுக்காரர் முதுகு ஒடிஞ்சு படுத்திருக்கார். என் சம்பளத்துலதான் அடுப்பு எரியுது. வாயை மூடிக்கிட்டு இருக்கேன்."

கடைசி முகவரியையும் மாற்றிச் சரிபார்த்துச் சேமித்தாள். கண் எரிந்தது. தலையை மேஜையில் சாய்க்கப் போனபோது மேலாளர் தன் அறையிலிருந்து ஓடி வந்தார்.

"நெட் போச்சு! ஆபீஸ் முழுக்கப் போச்சு! நம்ம மென்பொருளைப் போட்டு என்னன்னு பாரும்மா, சீக்கிரம்!"

தட்டினாள். 'வெளித்தொடர்பு இல்லை' என்றது திரை.

"அது எனக்கே தெரியுது. சரிபண்றது எப்படின்னு கேளு."

'உதவி' என்று தட்டினாள். 'தீர்வுக்கு இங்கே பார்க்கவும்' என்று வந்தது. கீழே, அவள் சற்று முன் மாற்றிய முகவரி.

மேலாளரே குனிந்து அழுத்தினார். வெறும் வெள்ளைப் பக்கம். இன்னும் ஓங்கி அழுத்தினார். அதே வெள்ளை.

"என்னம்மா இது, இந்த லிங்க்கும் திறக்கலையே!"

"நெட்டே இல்லாம எப்படி சார் திறக்கும்?" என்று அலுப்பில் சொன்ன பிறகுதான், இத்தனை நாள் புகார் எழுதிய அத்தனை பேரும் நெட் போனதால்தான் இந்த உதவியைத் தேடி வந்திருக்கிறார்கள் என்பது அவளுக்கே உறைத்தது.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லிங்க்கையெல்லாம் தூக்கிட்டு, தீர்வையே அதுல எழுதிடும்மா… நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா வந்துடு."