சுவரைப் பார்த்து நில்லுங்க

"ரெண்டு பேரும் திரும்பிச் சுவரைப் பார்த்து நில்லுங்க!"

"அப்பா, கேம் பெட்டிக்கு நெட் குடுக்கப் போறோம். பேங்க் லாக்கரைத் திறக்கப் போறதில்ல."

"வைஃபை பாஸ்வேர்டுன்னா ரகசியம்தான். திரும்பு."

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். முதல் சம்பளத்தில் ஆசை ஆசையாக வாங்கிய கேம் பெட்டி. கூட வேலை பார்க்கிற தோழிகள் அவரவர் வீட்டிலிருந்தபடி இவளுக்காக ஆட்டத்தைத் தொடங்காமல் காத்திருந்தார்கள்.

போன வருஷம் புது இணைப்பு வாங்கியபோது அப்பாவே உட்கார்ந்து போட்ட பாஸ்வேர்டு. அவரைத் தவிர ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. யாருக்கு நெட் வேண்டுமென்றாலும் போனை அவர் கையில் கொடுக்க வேண்டும். முதுகைக் காட்டிக்கொண்டு தட்டித் திருப்பித் தருவார். பெற்ற மகளுக்கும் அதே சட்டம்தான். 'சரியான கருமி' என்று விருந்தாளிகள் வாசலைத் தாண்டியதும் சிரிப்பார்கள்.

போனில் மறைத்துவிடலாம். இந்தப் பாழாய்ப்போன பெட்டியோ ஒவ்வொரு எழுத்தையும் டிவியில் கொட்டை கொட்டையாகக் காட்டியது.

"நீயும்தான்," என்றார் மனைவியிடம்.

அவள் பீரோ பக்கம் திரும்பித் துணி மடிக்க ஆரம்பித்தாள். காலையில் வந்த போனால் மூண்ட சண்டையிலிருந்தே அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பேசியது அவருடைய தம்பி மனைவி. "அடுத்த வாரம் பொண்ணுக்குக் கல்யாணம்க்கா. பெரியப்பா வரலேன்னா மேடையே ஏற மாட்டேன்னு அழறா. எப்படியாவது அவரைக் கூட்டிட்டு வந்துடுங்க."

"எனக்குத் தம்பியே கிடையாதுன்னு சொல்லு!" என்று இங்கிருந்தே கத்தினார்.

இத்தனைக்கும் சொத்துத் தகராறு இல்லை. இவர் வைத்திருப்பது மூக்குக்கண்ணாடிக் கடை. தம்பி ஒருநாள் எதிர்க்கடையில் வாங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இவரிடமே வந்து, "எப்படிண்ணா இருக்கு?" என்று கேட்டுவிட்டான். அன்றைக்கு நின்ற பேச்சு, வருஷக்கணக்கில் அப்படியே கிடந்தது.

மனைவிக்கும் இவர் கடையில்தான் வேலை. இடம் போதாத கடை. பார்வையைச் சோதிக்கும் எழுத்துப் பலகையை, வந்தவர் தலைக்குப் பின்னால் மாட்டி, எதிரே உள்ள நிலைக்கண்ணாடியில் பார்த்துப் படிக்கச் சொல்வார்கள். அதனால் பலகையில் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி இருக்கும். அதைக் குச்சியால் தொட்டுக் காட்டுவது அவள் பொறுப்பு.

"ஒரு கண்ணாடிக்காகவா கல்யாணத்துக்கு வர மாட்டேங்கறீங்க?" என்று காலையில் கெஞ்சிப் பார்த்தாள். "சின்ன வயசுல 'குட்டியானை, குட்டியானை'ன்னு அவரை முதுகுல தூக்கிட்டுத் திரிஞ்சவர்தானே நீங்க?"

"அந்தப் பேரை இந்த வீட்டுல யாரும் எடுக்கக் கூடாது!"

இப்போது டிவி முன்னால் அவர் திணறிக்கொண்டிருந்தார்.

"என்னடி இது, நான் ஒரு எழுத்துக்குப் போனா அது பக்கத்து எழுத்துல போய் நிக்குது!"

"ரிமோட்ல இருக்கற குமிழை மெதுவாத் தள்ளுங்கப்பா," என்றாள் மகள், சுவரைப் பார்த்தபடியே.

"மெதுவாத்தான் தள்றேன். ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளுது."

'பாஸ்வேர்டு தவறு' என்றது டிவி. மறுபடியும் போட்டார். மறுபடியும் தவறு.

"எழுத்தை மட்டும் சொல்லுங்க, நான் போடறேன்."

"சொல்ல மாட்டேன்."

"அப்ப பாஸ்வேர்டையே மாத்திடலாம்."

"மாத்தவே கூடாது!"

அவர் போட்ட சத்தத்தில் மகள் ஆடிப்போய்விட்டாள். "அம்மா, நீயாவது கேளேம்மா."

அம்மா மடித்த சட்டையையே பிரித்துத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாக டிவி பச்சை விளக்கு காட்டியது.

"வந்துடுச்சு! இப்பத் திரும்புங்க!" ஏதோ போரில் ஜெயித்தவர் மாதிரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மகள் பாய்ந்து வந்து ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். மனைவியோ பீரோ மேலிருந்த சூட்கேஸை இறக்கி, மடித்து வைத்திருந்த அவருடைய நல்ல சட்டையை முதலில் உள்ளே வைத்தாள்.

"எங்கே கிளம்பறே?"

"கல்யாணத்துக்கு. மூணு பேரும் போறோம்."

"காலையிலேயே சொன்னேன்ல? எனக்குத் தம்பி..."

"சொன்னீங்க, கேட்டேன்." அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இப்பப் படிச்சும் பார்த்துட்டேன்."

அப்போதுதான் அவர் பீரோவைப் பார்த்தார். கதவு முழுக்க நிலைக்கண்ணாடி. அதில் டிவி பளிச்சென்று தெரிந்தது.

"எழுத்தெல்லாம் இடம் வலம் மாறியில்ல தெரியும்?" என்று முனகினார்.

"இடம் வலம் மாறின எழுத்துதாங்க எனக்குச் சோறு போடுது."

அவர் சோபாவில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கண்ணையும் துடைத்துக்கொண்டார். 

"அந்த எதிர்க்கடை ஃப்ரேம் அவன் மூஞ்சிக்குப் பொருந்தவே இல்ல," என்றார் கரகரத்த குரலில். "நம்ம கடையிலேர்ந்து நல்லதா ஒண்ணு எடுத்து வை. நானே மாட்டி விடறேன்."

மகள் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அம்மாவின் காதருகே வந்தாள். "அப்படி என்னம்மா பாஸ்வேர்டு?"

அம்மா ஓரக்கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அந்தப் பேரை இந்த வீட்டுல யாரும் எடுக்கக் கூடாதாம்டி!"