சவுக்குத் தோப்பிலிருந்து மூன்று பேர்

“பூட்டு இருந்துச்சா?”

இல்லை என்றாள்.

“சுவர்? முள்வேலி? காவலுக்கு நாய்?”

இல்லை. சவுக்குத் தோப்பு. நாலு பக்கமும் திறந்து கிடக்கும்.

“அப்புறம் ஏம்மா மூணு வருஷமா அங்கயே மரம் வெட்டிக்கிட்டு இருந்தீங்க? கெளம்பிப் போக வேண்டியதுதானே?”

கோட்டாட்சியர் அலுவலகத்தின் மாடி அறை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. இந்தப் பக்கம் தரையில் அவள். மடியில் ஐந்து வயது அமுலு. சுவரை ஒட்டிப் புருஷன் வரதன் நின்றான். நாற்காலிகள் இருந்தன. யாரும் உட்காரச் சொல்லவில்லை.

இவர்களைத் தோப்பில் அடைத்து வைத்திருப்பதாக யாரோ மனு போட்டிருக்கிறார்கள். காலையில் ஜீப் வந்து மூவரையும் ஏற்றிக்கொண்டது. பின்னாலேயே தோப்பு மேஸ்திரியின் பைக்கும் வந்தது. இப்போது கீழே வாசலில் நிற்கிறது.

அதிகாரியின் கேள்விக்குப் பதில் அவளிடம் இருந்தது.

“ஒருத்தர் போனா ஒருத்தர் இருக்கணும் சார். எங்கம்மா சாவுக்கு நான் போனேன். இவரு இருந்தாரு. இவருக்குக் கால்ல வெட்டு பட்டு ஆஸ்பத்திரி போனாரு. நான் இருந்தேன்.”

“எங்க வீட்லயும் அப்படித்தான்மா. நான் வெளிய போனா என் சம்சாரம் இருப்பா. அதுக்குப் பேரு குடும்பம்.”

கிளார்க் சிரித்தார்.

அவள் மறுபடி ஆரம்பித்தாள். அட்வான்ஸ் வாங்கியது மாமனார், அவர் செத்தும் போய்விட்டார் என்றாள். சொல்லாமல் போன பக்கத்துக் குடிசைக்காரனை எப்படி இழுத்து வந்தார்கள் என்றாள். சொல்லச் சொல்ல, யாருக்கோ நடந்ததுபோல அவளுக்கே கேட்டது.

“உன்னை அடிச்சாங்களா?”

“அவனை அடிச்சாங்க சார்.”

“உன்னைக் கேட்டேன்.”

இல்லை. அடி வாங்காதபடி நடந்துகொண்டாள். இப்போது அதுவே குற்றமாகிவிட்டது.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார்.

“பாம்புக்கே பயப்படாத ஆளுங்க நீங்க. ஒரு மேஸ்திரிக்கா பயந்தீங்க?”

அவள் பாம்பைத் தொட்டதே இல்லை. கண்டால் ஓடுவாள். இருளர் என்றதும் எல்லோருக்கும் இதுதான் வாயில் வருகிறது.

ஒரு பூட்டு இருந்திருக்கலாம் என்று நினைத்தாள். சின்னதாக, துருப்பிடித்ததாக ஒன்று. எடுத்து வந்து மேசைமேல் வைத்திருக்கலாம்.

கிளார்க் ஒரு தாளை வாசித்தார். எங்களை யாரும் அடைத்து வைக்கவில்லை. விருப்பப்பட்டே வேலை செய்தோம். அதன் கீழே ரேகை வைக்க வேண்டும். வைத்தால் மனு முடிந்தது. சாயங்காலமே தோப்புக்குத் திரும்ப வேண்டியதுதான்.

“ரெண்டு பேரும் போய் டீ குடிச்சிட்டு, நல்லா யோசிச்சிட்டு வாங்க. வந்து ரேகை வைங்க.”

ரெண்டு பேரும்.

அவள் எழுந்தாள். வரதன் கதவுப் பக்கம் திரும்பினான்.

அமுலு அவர்களோடு வரவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு போனாள். அதிகாரியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். யாரும் அவளை இருக்கச் சொல்லவில்லை.

“என்ன பாப்பா? அம்மாகூடப் போகலையா?”

“வந்துருவாங்க சார்,” என்றாள் அமுலு, அவருக்குத் தைரியம் சொல்வதுபோல. “நான் இங்கதான் கீறேன்.”

அதிகாரிக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

“சமத்து. அடம் பிடிக்குதா பாருங்க,” என்று கிளார்க்கிடம் சொன்னார். மேசை டிராயரைத் திறந்து பிஸ்கட் தேடினார்.

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

கத்தவில்லை. திரும்பி வந்தாள். குழந்தையைத் தரையிலிருந்து வெடுக்கென்று தூக்கி இடுப்பில் வைத்தாள். பிஸ்கட்டோடு நீண்ட கை அந்தரத்தில் நின்றது.

“இவளையும் இட்டுக்கினு போறோம் சார்.”

“தாராளமா. யாரு வேணாம்னா?”

“நாங்க வாசல்ல இறங்கறப்போ, நீங்க செத்த இந்த ஜன்னலாண்ட வந்து நில்லுங்க சார்.”

“எதுக்கு?”

அவள் கதவைத் தாண்டிவிட்டாள். காலையிலிருந்து பதில்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

படிக்கட்டின் பாதியில் வரதன் நின்றான். அவள் அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

வாசல். கண் கூசும் வெயில்.

டீக்கடை வலது பக்கம். அவள் இடது பக்கம் திரும்பினாள், பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் சாலையில்.

ஐந்தடி. பத்தடி.

“டேய்!”

மேஸ்திரி பைக்கிலிருந்து குதித்தான்.

“மூணு பேருமா எங்கடா கெளம்பிட்டீங்க? குட்டிய வுட்டுட்டுப் போங்கடா!”

டீக்கடையில் பேச்சு நின்றது.

வரதனின் சட்டைக் காலர் மேஸ்திரியின் கையில் சிக்கியது. அமுலு இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கப் பார்த்தாள். அவள் விடவில்லை. இறுக்கிப் பிடித்தாள்.

மேஸ்திரியை அவள் பார்க்கவில்லை.

அண்ணாந்து மாடி ஜன்னலைப் பார்த்தாள்.