யார் பின்னிய பாய்?

பாப்பாவின் அப்பா கைகூப்பி வணங்கியபோதே கைவினை டீச்சரின் பார்வை அவர் நகங்களில் போய் ஒட்டிக்கொண்டது. நக இடுக்கெல்லாம் காய்ந்த பசை. கட்டைவிரலில் காகிதம் கீறிய கோடுகள்.

"புத்தகம் பைண்டிங் பண்றவர்தானே நீங்க?"

"ஆமாங்க."

டீச்சர் இரண்டு காகிதப் பாய்களை மேசைமேல் வைத்தாள். ஹவாய்த் தீவில் தாழை ஓலையில் பாய் பின்னுவார்களாமே, அதே தினுசில் பிள்ளைகள் வண்ணக் காகிதப் பட்டைகளைக் கோத்துப் பின்னியவை. ஒன்று கோணல்மாணல். மற்றதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

"இது பாப்பா வகுப்புல பின்னினது. இது வீட்ல பின்னினதாம். ரெண்டும் ஒரே கையா சார்? நாளைக்குக் கண்காட்சி. மத்த பிள்ளைங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"சத்தியமா நான் தொடலைங்க."

"அப்போ பாப்பாவோட அம்மாவா?"

"அவ கப்பல்ல வேலை பாக்கறா. எப்பவாவதுதான் வருவா. வீட்ல நானும் பாப்பாவும் மட்டும்தான்."

வேறு ஆளே இல்லையென்றால் இவர்தானே? டீச்சரின் சந்தேகம் கெட்டிப்பட்டது. பட்டையை மேலே விடுவதா, கீழே விடுவதா என்பதே வகுப்பில் பாப்பாவுக்குப் பிடிபடாது. பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்து ஓட்டினால் ஒழுங்காக வரும். டீச்சர் எழுந்து நகர்ந்தால் போச்சு, எல்லாம் குளறுபடி.

"இப்ப என் கண்ணு முன்னாடி பின்னட்டும். சாயம் வெளுத்துடும்."

அப்பா முகம் செத்துப்போய் வெளியே நின்றார். பாப்பா உள்ளே வந்து உட்கார்ந்தாள். நாலு வரிசைக்குள் பட்டைகள் தாறுமாறாகப் புரண்டன.

'நினைச்சேன்' என்று முணுமுணுத்தபடி டீச்சர் வேறு பட்டை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினாள். அதன் கண்ணாடிக் கதவில் பாப்பா தெரிந்தாள்.

கை சும்மா இருக்கவில்லை போலும். தப்பைப் பிரித்துவிட்டு மளமளவென்று பின்னிக்கொண்டிருந்தாள். நூல் பிடித்தாற்போல் நேர்த்தி! டீச்சரின் செருப்புச் சத்தம் கேட்டதும் அவசர அவசரமாக இரண்டு பட்டைகளை உருவிக் கோணலாக்கினாள்.

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அடிப்பாவி! உங்கப்பாவை வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே! இவ்வளவு நல்லாப் பின்னத் தெரிஞ்சவ, எதுக்குடி வேணும்னே கெடுக்கிறே?"

பாப்பா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"தெரியும்னு சொன்னா, நீங்க என் பக்கத்துல வந்து உக்கார மாட்டீங்களே மிஸ்."