எட்டரை மணி வண்டி

வண்டிய உருட்டிக்கிட்டே வந்து சாக்கோட்டை பஸ் ஸ்டாப்புகிட்ட இருக்குற மெக்கானிக் கடையில நிறுத்துனாரு தங்கச்சாமி. வேர்வையத் தொடைக்கக்கூட இல்ல.

“ஊத்துன பெட்ரோல் முந்தி மாதிரி நிக்க மாட்டேங்குதுப்பா. முறுக்குனா இருமி இருமி அணைஞ்சுருது. காலைல எட்டரைக்கு இது கெளம்பலைன்னா என் வீட்ல ஒருத்தி வாயில பருக்கை போகாது.”

மெக்கானிக் அருள்பாண்டி திருப்பத்தூர்லருந்து வந்து கடை போட்டு ஒரு வருசந்தேன் ஆகுது. பத்து வண்டி வந்தா எட்டு வண்டிக்கு இதே புகார்தேன். இப்ப பங்க்ல புடிக்கிறதுல அஞ்சுல ஒரு பங்கு எத்தனாலு, சாராயச் சரக்குதேன் அது, புது வண்டி தாங்கிக்கிரும், இந்த மாதிரிப் பழைய வண்டிக்கு மைலேஜும் அடிவாங்கும் இழுவையும் கொறையும்னு பாடம் எடுத்தான். சும்மா நின்னாலே அது ஈரத்த இழுத்துக்கிருமாம். தங்கச்சாமி தலைய ஆட்டுனாரு. காதுல ஏறுச்சான்னு மொகத்துல தெரியல.

அங்கன டீ குடிச்சுக்கிட்டிருந்த ஆட்டோக்கார சேவுகப்பெருமாள், “வண்டிக்கே ஊத்திவிட்டுட்டா அது எப்பிடிய்யா நேரா வீடு போயிச் சேரும்?”னாரு. அருள்பாண்டி சிரிச்சான். தங்கச்சாமி சிரிக்கல.

டேங்க்லருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டில்ல புடிச்சான். அடியில தண்ணி தனியா நின்னுச்சு. துருப்புடிச்ச மூடி வழியா மழை எறங்கிருக்கு, எத்தனால் அதச் சேத்துப் புடிச்சுக்கிருச்சு. ஒங்க மகன் வண்டியா, கொஞ்சம் பாத்து ஓட்டச் சொல்லுங்கன்னுக்கிட்டே மைலேஜ் கணக்குக்காக மீட்டரக் குனிஞ்சு பாத்தவன், அப்பிடியே நின்னுட்டான்.

எட்டு மாசத்துக்கு முன்னாடி பிளக்கு மாத்துனப்ப அவனே டேங்க்ல ஒட்டுன சீட்டு அப்பிடியேதேன் இருந்துச்சு. அதுல எழுதுன மீட்டர் கணக்குக்கும் இப்ப மீட்டர் காட்டுறதுக்கும் நாலே கிலோமீட்டர் வித்தியாசம். சக்கரத்தச் சுத்திப் பாத்தான், மீட்டர் நல்லாத்தேன் ஓடுது.

“அய்யா, இங்கருந்து ஒங்க வீடு ரெண்டு கிலோமீட்டர். அன்னைக்கு உருட்டிட்டுப் போனது ரெண்டு, இன்னைக்கு உருட்டிட்டு வந்தது ரெண்டு. வண்டி ஓடவே இல்ல. அப்புறம் பெட்ரோல் எங்குட்டுப் போகுது?”

ரேசன் கடையில அட்டை நம்பரச் சொல்ற மாதிரி சொன்னாரு தங்கச்சாமி. மகன் பேரு சிவபிரகாஷு. காரைக்குடியில வேலை. தெனம் எட்டரைக்கு இந்த வண்டியிலதேன் போவான். மூணு வருசத்துக்கு முன்னாடி மூணே நாள் காய்ச்சல்ல போயிட்டான். அவுக ஆத்தா முத்தழகு அப்பப் படுத்தவதேன், ஒரு பக்கம் கைகால் வெளங்கல, பேச்சும் நின்னுபோச்சு. இவரும் நாப்பது நாளு சொவத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தாரு.

நாப்பத்தி ஒண்ணாம் நாளு பக்கத்து வீட்டு நாச்சியப்பன், வண்டி துருப்புடிக்குதுய்யா, எந்திரிச்சு ஒரு ஒதையாவது ஒதைன்னு சத்தம் போட்டுருக்காரு. ஒதைச்சாரு. உள்ளருந்து, “தம்பி கெளம்பிட்டானா?”ன்னு கேட்டா, அதுவரைக்கும் பேச்சில்லாம கெடந்த முத்தழகு. இவரு “ம்”முன்னாரு. அவ கஞ்சி கேட்டு வாங்கிக் குடிச்சா.

அன்னையிலருந்து தெனம் எட்டரைக்கு ஸ்டாண்டு போட்டபடியே ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிசம் ஓட விட்டு, ரெண்டு முறுக்கு முறுக்கி, வண்டி தெரு தாண்டிப் போற மாதிரி சத்தத்த மெல்லமாக் கொறைச்சு அணைச்சுருவாரு. அதுக்கப்புறந்தேன் அவ கஞ்சியத் தொடுவா. அவளுக்குப் புத்தி பெசகிப்போச்சுன்னு ஊரே பேசிக்கிருச்சு. காலைல கெளம்புனவன் சாயங்காலம் வந்தானான்னு மட்டும் அவ ஒரு நாளும் கேட்டதில்ல. கேக்காம இருக்குறவரைக்கும் நல்லதுன்னு இவரும் விட்டுட்டாரு.

அருள்பாண்டி ஸ்பேனர எடுத்தான். டேங்கக் கழுவி, கார்பரேட்டரக் கழட்டி ஊதி, புதுப் பெட்ரோல் ஊத்தி ஸ்டார்ட் பண்ணிக் காட்டுனான். டேங்குக்குப் புது மூடி நாளைக்குத்தேன் வரும்னு பாலித்தீன் பையச் சுத்திக் கட்டிவிட்டான். தங்கச்சாமி உருட்டிக்கிட்டு வீடு போயிச் சேந்தாரு.

விடியக்காலம் அடிச்ச மழையில பை கிழிஞ்சுபோச்சு.

முத்தழகு தலைமாட்டுல கஞ்சிய வச்சுட்டு எட்டரைக்கு வந்து ஒதைச்சாரு. இருமுச்சு. இன்னொரு ஒதை. அதுவும் இல்ல. இருபது முப்பது ஒதைக்கு மேல எண்ணல. கால் தன் கால் மாதிரியே இல்ல. ஒம்போது மணி பஸ்ஸும் ஆரன் அடிச்சுட்டுப் போயிருச்சு.

வண்டிகிட்டயே ஈரத் தரையில உக்காந்துட்டாரு. அழுகையும் வரல, ஒண்ணும் வரல.

“ஏங்க, இங்குட்டு வாங்க”ன்னு உள்ளருந்து சத்தம்.

போனாரு. கஞ்சிக் கிண்ணத்துல பாதி காலியாருந்துச்சு. மீதியக் கண்ணால காட்டி, ஒங்களுக்குத்தேன், ஆறுறதுக்குள்ள குடிங்கன்னா. இவருக்கு ஒண்ணும் வெளங்கல. “வண்டி கெளம்பல முத்தழகு, தம்பி இன்னும்...”னு இழுத்தாரு.

அவ அவரு மொகத்தையே பாத்தா.

“எனக்குத் தெரியாதாங்க? நீங்க தெனமும் படுக்கைய விட்டு எந்திரிக்கணுமேன்னுதேன் அன்னைக்கு அப்பிடிக் கேட்டேன்.”