மூன்று நாட்டுச் சாவு

பலகையில் மூன்று கட்டம் போட்டாள். அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா.

இன்றைய பாடம், சாவு.

ஆயுள் காப்பீட்டு கால் சென்டரில் அதுதான் பிழைப்பு. செத்தவர் வீட்டிலிருந்து கூப்பிடுவார்கள். செத்துவிட்டார் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவில் பண்ணை வாங்கிவிட்டார் என்பார்கள். இங்கிலாந்தில் மரச்செருப்பைக் கழற்றிவிட்டார். ஆஸ்திரேலியாவில் 'கார்க்' ஆகிவிட்டார். ஏனென்று அந்த ஊர்க்காரர்களுக்கே தெரியாது.

இதையெல்லாம் எண்பது பக்கத்தில் அடித்து, 'உலகளாவிய பரிவுத் திறன்' என்று அட்டையில் பொன்னெழுத்தில் போட்டிருந்தது கம்பெனி.

"போன வாரம் ஒரு அம்மா, புருஷன் பண்ணை வாங்கிட்டாருன்னுச்சு மேடம்," என்றான் கடைசி வரிசை ஜெபசிங். "எத்தனை ஏக்கர்னு கேட்டுட்டேன்."

வகுப்பே சிரித்தது. அவளும்தான்.

மேசையில் போன் அதிர்ந்தது. அறந்தாங்கியிலிருந்து அண்ணன். வேலை நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை.

வெளியே வந்து எடுத்தாள்.

"அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலம்மா. கெளம்பி வா."

"எந்த ஆஸ்பத்திரிண்ணே?"

அந்தப் பக்கம் யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிலிருந்து உருவி உருவிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நிறைய நாற்காலிகள்.

"வீட்லதான் இருக்காரு. பதறாம வா. மாப்ளையையும் புள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வா."

"கஞ்சி குடிச்சாராண்ணே?"

அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே வராது.

"குடிச்சாரும்மா," என்றான்.

"சரிண்ணே."

அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஜெபசிங் மரச்செருப்பை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.

விடுப்பைக் கம்பெனி ஆப்பில்தான் கேட்க வேண்டும். காரணத்துக்கு இரண்டு பொத்தான்.

குடும்பத்தில் நோய், ஒரு நாள்.

குடும்பத்தில் மரணம், ஐந்து நாள்.

விரல் இரண்டாவதன் மேல் போய் நின்றது. திரை மங்கி அணையப் போகும்வரை நின்றது.

பிறகு முதலாவதை அழுத்தினாள்.

உடனே அனுமதி வந்துவிட்டது. கூடவே ஒரு பூங்கொத்துப் படம். தங்கள் அன்புக்குரியவர் விரைவில் நலம்பெற வாழ்த்துகிறோம்.

அதை இரண்டு முறை படித்தாள்.