ஃபேன் நின்றால் போன் வரும்

கயல்விழி எக்ஸாஸ்ட் ஃபேனை அணைத்தாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அறையின் வாசலிலேயே உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம்தான். போன் வந்துவிடும்.

உள்ளே மூன்று மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. பிட்காயின் எடுக்கிற மெஷின்கள். போன லீவில் வந்தபோது அவள் புருஷன் இளவரசு வாங்கி வைத்தது.

அது அவர்களுடைய படுக்கையறை. கட்டிலைக் கூடத்துக்குத் தள்ளிவிட்டான். ஜன்னலில் தகரத்தால் அகலமாக ஒரு குழாய் செய்து, அதன் வாயில் பெரிய ஃபேனைப் பொருத்தி, சூட்டையெல்லாம் கொல்லைப் பக்கம் போகவிட்டான். அங்கே நின்ற முருங்கை கொஞ்ச நாளிலேயே இலை கொட்டிவிட்டது.

அறையில் சூடு ஏறக்கூடாது. ஏறினால் குவைத்தில் இருக்கிற அவனுடைய போனில் அலாரம் அடிக்கும்.

மற்றபடி அவன் பேசுவது வெள்ளிக்கிழமைதான். அன்றைக்குத்தான் லீவு. மற்ற நாளில் வேலை நேரத்தில் போனைத் தொடவே விடமாட்டார்கள், ரூமுக்கு வந்தால் படுக்கத்தான் நேரம் இருக்கும் என்று சொல்லியிருந்தான். கேட்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

முதல் தடவை அது தானாக நடந்தது. தகரக் குழாய்க்குள் அணில் தேங்காய் நாரை அடைத்து, ஃபேன் சிக்கி நின்றுவிட்டது. அவள் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. வெள்ளிக்கிழமை இல்லை, ஆனால் இளவரசு.

அவனுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பதறிப்போனாள்.

அவன் மெஷினுக்காகப் பதறிக்கொண்டிருந்தான். நாரைப் பிடுங்கிப் போடச் சொன்னான். ஃபேன் ஓட ஆரம்பித்த பிறகும் போனை வைக்கவில்லை. சூடு இறங்கும் வரை லைனில் இருந்தான். சும்மா இருக்க முடியாமல், என்ன சமைத்தாய் என்று கேட்டான். பல்வலி விட்டதா என்று கேட்டான்.

எந்த வெள்ளிக்கிழமையும் அவன் அதையெல்லாம் கேட்டதில்லை.

அதற்கப்புறம், தாங்க முடியாத நாளில் அவளே சுவிட்சை அணைத்தாள். கரண்ட் சரியில்லை, ஃபேன் மக்கர் பண்ணுகிறது என்று ஏதாவது சொல்வாள். சூடு சட்டென்று இறங்காது. அது இறங்குகிற வரைக்கும் அவன் அவளோடு இருப்பான்.

வேலை இடத்தில் அவனுக்குத் திட்டு விழுமோ என்று பயந்து, கொஞ்ச நாளாக அதையும் விட்டிருந்தாள்.

இன்றைக்கு விட முடியாது.

காலையில் புவனகிரியிலிருந்து பஸ் பிடித்து, சிதம்பரத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம். நாள் தள்ளிப்போவது அவளுக்குப் புதிதில்லை என்பதால், இந்தத் தடவையும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. டாக்டரம்மா ஸ்கேன் திரையை அவள் பக்கம் திருப்பினார். மினுக் மினுக்கென்று ஒரு துடிப்பு.

பஸ்ஸில் வரும்போதே இளவரசுவைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. இறங்கியதும் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. முதலில் அவன் காதில் விழ வேண்டும். மெசேஜில் அனுப்புகிற சேதியா இது?

சூடு வாசல் வரைக்கும் வந்துவிட்டது. முகம் எரிந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் சிரிப்பு முந்திக்கொண்டது.

மெஷின்களின் இரைச்சல் கூடியது. பிறகு சூடு தாங்காமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே நின்றன.

வீடு அமைதியாகிவிட்டது. அவள் போனை எடுத்து, டவர் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

போன் வரவில்லை. பைக் வந்தது.

கொழுந்தன் கதிர்வேல். சேத்தியாத்தோப்பில் செல்போன் கடை வைத்திருப்பவன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நேராக உள்ளே போய் ஃபேன் சுவிட்சைப் போட்டான். ஃபேன் ஓடியது. அவன் அதில் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

மெஷின்களைத் திரும்பப் போட்டுவிட்டு, பேன்ட் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மூடியை எடுத்தான். சுவிட்சின் மேல் வைத்து ஸ்க்ரூ முடுக்கினான். அதற்கென்றே எப்போதோ வாங்கி வைத்திருக்கிறான்.

அவள் கேட்காமலேயே சொன்னான். அலாரம் இப்போது அண்ணன் போனில் இல்லை, தன்னுடைய போனில்தான் அடிக்கிறதாம். அண்ணன் மாற்றிவிட்டானாம். கரண்ட் கோளாறு என்றால் மெஷினும் நிற்க வேண்டும், ஃபேன் மட்டும் எப்படி நிற்கும் என்று அண்ணனுக்கு முதலிலேயே சந்தேகமாம். அண்ணிதான் அணைக்கிறாள் என்று தெரியுமாம். கேட்டால் வீண் பேச்சு வரும் என்று விட்டுவிட்டானாம்.

எதற்காக அணைத்தாள் என்பதை அண்ணனும் கேட்கவில்லை, தம்பியும் கேட்கவில்லை.

வேலை இடத்தில் சத்தம் போட்டிருப்பார்கள், அதனால்தான் மாற்றியிருப்பான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேலை நேரத்தில் அந்த மனுஷனால் என்னதான் செய்ய முடியும்?

கதிர்வேல் ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு, போகிற போக்கில் சொன்னான். பாசமாகத்தான் சொன்னான்.

"தெனம் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல அண்ணன் எனக்குப் பேசும். மெஷின் எப்படி ஓடுதுன்னு கேக்கும். ஒங்களுக்கு எதுனா சொல்லணும்னாலும் சொல்லுங்க அண்ணி, சொல்லிடறேன்."

தினமும்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கதிர்வேல் பதிலுக்காக வாசலில் நின்றான்.

மெஷின்கள் மறுபடியும் இரைய ஆரம்பித்திருந்ததால், அவள் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஃபேன் நல்லா ஓடுதுன்னு சொல்லுங்க தம்பி."