கிளி மார்க்குக்குக் கடைசி நாள்

எதிர்க்கடை இன்றும் பூட்டிக் கிடந்தது. காசிமாயன் தன் மூக்குப்பொடிக் கடையில் உட்கார்ந்தபடி அந்தப் பூட்டையே திரும்பத் திரும்பப் பார்த்தார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

அது அப்துல் வஹீது ராவுத்தரின் கடை. அவருடைய 'கிளி மார்க்' பொடிக்கு மேலூர் வரை கிராக்கி. காசிமாயனின் 'சாவி மார்க்' கீழமாசி வீதியைத் தாண்டுவதற்கே மூச்சு வாங்கியது.

"கிளி இருக்காண்ணே?" என்று கேட்டு ஒரு வண்டிக்காரர் வந்தார்.

"சாவி இருக்கு. போட்டுப் பாருங்க."

"வேணாம்ணே. ராவுத்தர் கடை தெறக்கட்டும்."

மார்க் பதிகிற சட்டம் வந்த புதிதில் இருவரும் ஒரே குதிரை வண்டியில் வக்கீல் வீட்டுக்குப் போய், ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கிக் கையெழுத்துப் போட்டவர்கள். "ஏழு வருஷத்துல புதுப்பிக்கணும். மறந்தா பேரு போயிரும்" என்று சொன்ன அந்த வக்கீல் போன மாசியில் காலமாகிவிட்டார். ராவுத்தருக்கு ஞாபகப்படுத்த இனி ஆள் இல்லை.

கிளிக்கு இன்றுதான் கடைசி நாள். சாயங்காலத் தபாலில் பம்பாய்ப் பதிவு ஆபீசுக்கு மனு போகாவிட்டால், நாளைக் காலையில் அந்தப் பெயரைத் தனக்குக் கேட்டு எழுதிவிடுவது என்று காசிமாயன் முடிவு கட்டியிருந்தார்.

மனைவி ஒச்சாயி தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். "ராவுத்தர் வீட்டு மரியம் மதினி ஆசுபத்திரியில கெடக்காக. ஒரு எட்டுப் போயிப் பாக்கப்படாதா? நம்ம மக பிரசவத்துக்கு விடிய விடிய முழிச்சுக் கெடந்தவக."

"நாளைக்குப் போறேன்."

"தெனமும் இதத்தான் சொல்றீக."

போனால் ராவுத்தர் கடையைப் பற்றி விசாரிப்பார். பேச்சு சுற்றிச் சுற்றி மார்க்கில் வந்து நிற்கும். அதற்குப் பயந்துதான் அந்தப் பக்கமே போகாமல் இருந்தார். தன்னை நினைத்தால் அவருக்கே கூச்சமாக இருந்தது. சாப்பிடாமலே சட்டியை மூடிவைத்தார்.

தபால் வண்டி தெருவைக் கடந்து போனது. அவ்வளவுதான், கிளி போயிற்று. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தார். மரியம் பீவியின் முகம்தான் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்த நேரம் பார்த்து ராவுத்தரே படியேறி வந்தார். சட்டை கசங்கி, கண் சிவந்திருந்தது.

"அக்காவுக்கு எப்புடி இருக்கு மாமா?" என்றார் காசிமாயன். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"இன்னைக்குத்தான் கஞ்சி குடிச்சா. அல்லா காப்பாத்துனான்." ராவுத்தர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ தலமாட்டுல ஒக்காந்திருக்கேன், திடீர்னு நெனப்பு வருது, மார்க்குக்கு இன்னைக்குக் கடைசி நாளாச்சேன்னு. ஓடிப்போயி மனு எழுதி, பணமும் கட்டிட்டேன். தபால்ல போயிருச்சு."

காசிமாயன் தூக்குச்சட்டியை எடுத்து இடம் மாற்றி வைத்தார்.

"அடடா, எனக்கு மறந்தே போச்சு மாமா. நெனப்பு இருந்தா நானே வந்து சொல்லியிருப்பேனே." சொன்ன பொய் நாக்கைச் சுட்டது.

ராவுத்தர் அவர் தோளைத் தட்டினார்.

"ரெண்டு மார்க்கும் ஒரே நாள்ல பதிஞ்சதுதானே. நீ மறந்திருப்பன்னு தெரிஞ்சுதான் மாப்ள, ஒன் சாவிக்கும் சேத்துக் கட்டிட்டு வந்தேன்."